மாதப் பெட்டிக்குக் காசு கட்டுவதற்கு முன் ஒரு கொப்பி எடுங்கள்

எங்கள் வீட்டுக்கு இரண்டு திக்கிலிருந்து பெட்டி வரும். லண்டனில் இருக்கும் அக்கா ஒரு அழகுசாதன மாதப் பெட்டிக்குக் காசு கட்டுகிறார், டொரொன்டோவில் இருக்கும் மச்சாள் இன்னொன்றுக்குக் கட்டுகிறார். மாதம் ஒரு பெட்டி, அதற்குள் கிறீம், சீரம், மஸ்காரா, லிப்ஸ்டிக் என்று நாலைந்து சின்னச் சாமான்கள். தங்களுக்குச் சரிவராததையெல்லாம் சேர்த்து வைத்து, ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்து அனுப்புவார்கள். திருகோணமலை உப்புவெளியில் எங்கள் குசினி மேசையில் அவற்றைக் கொட்டி, யாருக்கு எது என்று பிரிப்பது எனக்கு இன்னமும் பிடித்த வேலை. இப்போது திருமலையிலேயே என் வயதுப் பெண்கள் சிலர், நாங்களே ஒன்றுக்குக் கட்டினால் என்ன, எந்தப் பெட்டி நல்லது என்று கேட்கிறார்கள். இரண்டு வருடமாக ஒரு சீஆர் கொப்பியில் எழுதி வந்ததை வைத்து, எப்படி ஒப்பிடுவது என்று சொல்கிறேன். நான் முக்கியமாகப் பார்ப்பது இதைத்தான்: பெட்டியில் வந்தவற்றில் எத்தனையைப் பாவித்து முடித்தேன்.

முதலில் பெட்டிகளின் வகையைப் பிரித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மாம்பழத்தையும் மரவள்ளியையும் ஒரே தராசில் வைத்த கதையாகிவிடும். இந்த வியாபாரத்தைப் பெரிதாக்கியது 2010இல் நியூயோர்க்கில் தொடங்கிய பேர்ச்பொக்ஸ். ஹார்வர்டில் ஒன்றாகப் படித்த இரண்டு பெண்கள், மாதம் 10 டொலருக்கு நாலைந்து சாம்பிள் அனுப்பினார்கள். பிடித்திருந்தால் பெரிய போத்தலை அவர்களிடமே வாங்கலாம். அடுத்த வருடம், யூடியூபில் மேக்கப் சொல்லிக்கொடுத்துப் பெயர் பெற்ற மிஷேல் பான் சேர்ந்து தொடங்கிய இப்சி வந்தது. அது தோல் நிறம், தலைமுடி, விருப்பம் எல்லாம் கேள்வி கேட்டு, ஆளுக்குத் தக்கபடி ஐந்து சாமானை ஒரு சின்னப் பையில் போட்டு அனுப்பும். அதே 2011இல் பெர்லினில் தொடங்கியது குளொஸிபொக்ஸ். முழு அளவுச் சாமான்களுக்குப் பெயர்போன பொக்ஸிசார்மை 2020இல் இப்சி வாங்கிவிட்டது. ஆக மூன்று வகை: சின்னச் சாம்பிள் நிறைய வருவது, உங்கள் பதிலைப் பார்த்துத் தெரிவு செய்வது, முழு அளவில் வருவது. முழு அளவில் வருவதற்குத்தான் விலை கூட. ஒரே வகைக்குள் இரண்டை ஒப்பிடுங்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். பெட்டிக்குள் ஒரு அட்டை இருக்கும், இந்தப் பெட்டியின் மதிப்பு இவ்வளவு டொலர் என்று பெரிய எழுத்தில். அதை மறைத்து வைத்துவிட்டு நீங்களே கணக்குப் போடுங்கள். பெட்டி 14 டொலர் என்று வைத்துக்கொள்வோம். அதில் 5 மில்லிலீற்றர் சீரம் (முழுப் போத்தல் 30 மில்லி, 48 டொலர்), 4 மில்லி மஸ்காரா (முழு அளவு 10 மில்லி, 25 டொலர்), 30 மில்லி பொடி லோஷன் (300 மில்லி 20 டொலர்), கன்னத்துக்கு மினுக்கம் தரும் ஹைலைட்டர் 1 கிராம் (6 கிராம் 30 டொலர்), அப்புறம் முழு அளவு லிப்ஸ்டிக் ஒன்று, 18 டொலர். பங்கு போட்டுப் பார்த்தால் சீரம் 8, மஸ்காரா 10, லோஷன் 2, ஹைலைட்டர் 5, லிப்ஸ்டிக் 18, மொத்தம் 43 டொலர். அட்டையும் அதைத்தான் சொல்லும். இனி ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, இது வராமல் இருந்திருந்தால் கடையில் போய் வாங்கியிருப்பேனா என்று கேளுங்கள். வாங்கியிருப்பேன் என்றால் முழு விலை. வாங்கியிருக்க மாட்டேன், ஆனாலும் பாவிப்பேன் என்றால் பாதி விலை. பாவிக்கவே மாட்டேன் என்றால் பூச்சியம். எனக்கு ஹைலைட்டர் வேண்டாம், லிப்ஸ்டிக் நிறம் பொருந்தாது, இரண்டும் பூச்சியம். சீரம் 8, மஸ்காராவில் பாதி 5, லோஷனில் பாதி 1. கூட்டினால் 14. 43 டொலர்ப் பெட்டி எனக்குக் கொடுத்த காசுக்குச் சரியாக வந்து நின்றுவிட்டது, அதுவும் அனுப்பும் செலவைச் சேர்க்காமல்.

இப்படி மூன்று மாதமாவது எழுத வேண்டும். முதல் பெட்டியை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள், ஆளைப் பிடிப்பதற்காக அதைக் கொஞ்சம் தாராளமாக நிரப்புவார்கள். மூன்றாவது பெட்டியில்தான் உண்மையான கை தெரியும். கொப்பியில் பொருளின் பெயர், அளவு, நான் போட்ட விலை, முடித்த திகதி என்று நாலு கோடு போதும். முடித்த திகதி வெறுமையாகவே கிடக்கும் வரிகளை ஆறு மாதம் கழித்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் லிப்ஸ்டிக்கும் கண் மையும்தான் அப்படிக் கிடந்தன, முகம் கழுவும் ஜெல்லும் சன்ஸ்கிரீனும் எப்போதும் முடிந்தன. அதற்குப் பிறகுதான் மேக்கப் குறைந்த, தோல் பராமரிப்புக் கூடிய பெட்டிக்கு மாறச் சொல்லி அக்காவிடம் சொன்னேன்.

ஒரு சாம்பிள் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள், அதனால் இதைக் கொஞ்சம் நின்று சொல்கிறேன். 5 மில்லி சீரம் ஒரு நாளைக்கு ஒரு தடவை பூசினால் இரண்டு கிழமை வரும், மிஞ்சினால் மூன்று. அதற்குள் மணம் பிடிக்கிறதா, பிசுபிசுக்கிறதா, எரிகிறதா, பரு கிளம்புகிறதா என்று தெரிந்துவிடும். கரும்புள்ளி மங்குமா என்று மட்டும் தெரியாது, அதற்கு இரண்டு மூன்று மாதம் விடாமல் பூச வேண்டும். ஆகவே கரும்புள்ளிக்கு, சுருக்கத்துக்கு என்று வருகிற குட்டிப் போத்தல்களுக்கு நான் பெரிய மதிப்புக் கொடுப்பதில்லை. மஸ்காரா அப்படியில்லை. திறந்து மூன்று மாதத்தில் வீச வேண்டிய சாமான் அது, சின்ன அளவே நமக்குக் காணும். சன்ஸ்கிரீனில் ஏமாறாதீர்கள்: முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கிப் பூச வேண்டும், 10 மில்லி டியூப் ஒரு கிழமையில் முடிந்துவிடும். நிலாவெளிக் கடலில் இறங்கினால் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் திரும்பப் பூச வேண்டும், அப்போது இரண்டு நாள் தாங்கினாலே பெரிய காரியம். காகிதத்தில் ஒட்டி வருகிற 1.5 மில்லி சஷே பக்கெட்டுகளை நான் சாமானாகவே எண்ணுவதில்லை. ஐந்தில் இரண்டு சஷேயாக வருகிற பெட்டி என் கொப்பியில் மூன்று சாமான் பெட்டி.

பூசுவதற்கு முன் முழங்கை மடிப்பில் வைத்துப் பாருங்கள். தோல் வைத்தியர்கள் சொல்வது, ஒரே இடத்தில் நாளுக்கு இரண்டு தடவை, ஏழிலிருந்து பத்து நாள். மாதம் ஐந்து புதுச் சாமான் வருகிற வீட்டில் இது அவசியம், ஏனென்றால் எல்லாவற்றையும் ஒன்றாகத் தொடங்கி முகம் சிவந்தால் எது செய்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது. ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததைத் திறவுங்கள். ரெட்டினோல் (வைட்டமின் ஏ வகை) என்று எழுதியிருந்தால் இரவில் மட்டும், பகலில் சன்ஸ்கிரீன் கட்டாயம். பிள்ளைக்குக் காத்திருப்பவர்களும் வயிற்றில் பிள்ளை இருப்பவர்களும் அதைத் தொடவே வேண்டாம்.

இனி நம்முடைய ஊர் விஷயம். அந்தப் பெட்டிகள் அவர்களுடைய காலநிலைக்குக் கட்டப்படுகின்றன. ஜனவரிப் பெட்டியில் தடித்த கிறீமும் லிப் பாமும் வரும், அங்கே பனி. இங்கே அப்போது வாடை மழை, காற்றே ஈரம், அந்தக் கிறீமைப் பூசினால் முகம் எண்ணெய்ச் சட்டி மாதிரி இருக்கும். ஆனால் வீசிவிடாதீர்கள். ஜூன், ஜூலையில் கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால் நம் உதடும் கன்னமும் எப்படி வரண்டு வெடிக்கும் என்று உங்களுக்கே தெரியும். மூடி திறக்காமல் பிரிட்ஜின் கதவுத் தட்டில் வைத்தால் அதே ஜனவரிக் கிறீம் ஜூலையில் கை கொடுக்கும். லிப்ஸ்டிக், வைட்டமின் சீ சீரம் இரண்டையும் அலுமாரியில் விட்டால் இந்த வெக்கைக்கு ஒன்று உருகும், மற்றது மஞ்சளிலிருந்து மண் நிறத்துக்குப் போகும். நிறம் மாறிய வைட்டமின் சீயைப் பூசிப் பிரயோசனம் இல்லை.

கேள்வி கேட்டு அனுப்புகிற பெட்டி என்றால், அந்தப் பதிவை உங்கள் பெயரில் நிரப்பச் சொல்லுங்கள். முதல் ஆறு மாதம் மச்சாள் தன்னுடைய விவரத்தைக் கொடுத்திருந்தார், அவர் நிறம் என்னைவிட மூன்று படி வெளிர், தோலும் வரண்டது. வந்த பவுண்டேஷன் ஒன்றுகூட எனக்குப் பொருந்தவில்லை. பிறகு ஒரு நாள் வாசலில், பகல் வெளிச்சத்தில் எடுத்த படத்தை அனுப்பினேன். அதை வைத்துப் பதிவைத் திருத்தினார்: கரும்பழுப்பு நிறம், எண்ணெய்த் தோல், முடிக்குச் சாயம் வேண்டாம். அடுத்த பெட்டியிலேயே வித்தியாசம் தெரிந்தது. நம் நிறத்துக்கு எத்தனை சாயல் வைத்திருக்கிறார்கள் என்பதே ஒரு பெட்டியை எடை போட நல்ல வழி. எல்லோருக்கும் ஒரே இளஞ்சிவப்பு அனுப்புகிறவர்களுக்கு நான் காசு கட்டச் சொல்ல மாட்டேன்.

கொண்டுவருவதைப் பற்றி. விமானத் தபாலில் நகப்பூச்சும் வாசனைத் திரவியமும் அனுப்ப முடியாது, தீப்பற்றும் பொருள் என்று நிறுத்திவிடுவார்கள். பயணப் பெட்டியில் கொண்டுவரலாம்: அழகுசாதனம் எல்லாம் சேர்த்து ஆளுக்கு 2 லீற்றர், ஒவ்வொரு போத்தலும் அரை லீற்றருக்குள், கைப்பையில் என்றால் 100 மில்லிக்குள். தபாலில் வந்தால் சுங்கத் தீர்வையும் வரக்கூடும், அதையும் பெட்டி விலையோடு கூட்டித்தான் ஒப்பிட வேண்டும். வந்ததும் திகதி பாருங்கள். திறந்த டப்பா மாதிரி ஒரு சின்னப் படம் போட்டு அதற்குள் 6 அல்லது 12 என்று இருக்கும், திறந்ததிலிருந்து அத்தனை மாதம் பாவிக்கலாம் என்று அர்த்தம். சாம்பிளில் இடம் இல்லாமல் அந்தப் படத்தை விட்டுவிடுவதும் உண்டு. அதனால் திறந்த திகதியை ஒட்டுத் துண்டில் எழுதி அடியில் ஒட்டுவேன்.

இங்கிருந்தே கட்ட நினைப்பவர்கள் முதலில் இலங்கைக்கு அனுப்புகிறார்களா என்று பாருங்கள், பலர் அனுப்புவதில்லை. அனுப்பினாலும் டொலர் விலை, வங்கி தன் பங்குக்குச் சேர்ப்பது, அனுப்பும் செலவு மூன்றையும் கூட்டி ரூபாயாக்கிவிட்டு யோசியுங்கள். அப்புறம் நிறுத்துகிற விஷயம். என் சித்தியின் மகளுக்கு நடந்தது இது: நிறுத்தச் சொல்லி மின்னஞ்சல் போட்டாள், பதில் வரவில்லை, நின்றுவிட்டது என்று நினைத்திருந்தாள், இரண்டு மாதம் வங்கி அட்டையில் காசு கழிந்த பிறகுதான் தெரிந்தது. எனக்கு இன்றைக்கும் கோபம் தீரவில்லை. மின்னஞ்சல் போதாது, கணக்குக்குள் போய் நிறுத்துங்கள், நிறுத்தியதாக வருகிற செய்தியைப் படம் எடுத்து வையுங்கள். அடுத்த கட்டணத் திகதிக்கு ஒரு கிழமை முன்பே செய்யுங்கள். ஒரு வருடக் காசை முன்கூட்டிக் கட்டினால் மலிவு என்பார்கள், மூன்று மாதக் கணக்கு கொப்பியில் ஏறும்வரை அந்தப் பக்கம் போக வேண்டாம்.

வட்ஸ்அப்பிலும் பேஸ்புக்கிலும் இங்கேயே விற்கிற அதிசயப் பெட்டிகளைப் பற்றி மனதில் பயத்தோடுதான் எழுதுகிறேன். அவற்றில் லேபிள் இல்லாத, அல்லது வேறு பாஷையில் மட்டும் லேபிள் உள்ள வெள்ளையாக்கும் கிறீம் டப்பா ஒன்று எப்படியும் இருக்கும். ஒரு கிழமையில் வெளிறச் செய்கிற கிறீமில் பாதரசம் இருக்கலாம். அது சிறுநீரகத்தையும் நரம்பையும் கெடுக்கும், பூசுகிறவருக்கு மட்டுமில்லை, மடியில் கிடக்கும் பிள்ளைக்கும் போகும். பாதரசத்தைக் கட்டுப்படுத்த நாடுகள் செய்துகொண்ட மினமாட்டா உடன்படிக்கை, பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் உள்ள அழகுசாதனங்களை 2020இலிருந்து தயாரிக்கவோ ஏற்றுமதி, இறக்குமதி செய்யவோ விடக்கூடாது என்றது, 2025க்குப் பிறகு பாதரசம் சேர்த்த எதையுமே விடக்கூடாது என்கிறது. மெர்குரி, மெர்குரஸ் குளோரைட், கலோமெல் என்ற சொற்கள் லேபிளில் இருந்தாலும், லேபிளே இல்லாவிட்டாலும், தொடாதீர்கள். ஏமாற்றி விற்றார்கள் என்றால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் சொல்லலாம்.

காசு கொஞ்சம் என்றால் மூன்று பேர் சேர்ந்து ஒரு பெட்டி எடுங்கள், வந்த அன்றே சாமான்களைத் திறக்காமல் பிரித்துக்கொள்ளுங்கள். டியூபிலும் பம்ப் போத்தலிலும் வருவதைப் பங்கு போடலாம். மஸ்காரா, கண் மை, லிப்ஸ்டிக் மூன்றும் ஒருவருக்கு மட்டும். நாங்கள் மாதம் மாறி மாறி முதலில் தெரிவு செய்கிறோம், இந்த மாதம் என் முறை, சன்ஸ்கிரீன் இருந்தால் அதைத்தான் எடுப்பேன்.