உரிந்து வந்த பெட்லைனர்

பிக்கப் வண்டியின் பின்தளத்தைக் காக்கப் பூசும் தடித்த பூச்சுதான் பெட்லைனர். முதல் முறை நான் பூசியது மூன்றே மாதத்தில் உரிந்தது. பின்தளத்தில் ஒரு மூலை தூக்கிக்கொண்டு நிற்க, விரலால் இழுத்தேன். உள்ளங்கை அகலத்துக்குக் கழன்று வந்தது. அதன் அடிப்புறம் கண்ணாடிபோல் வழுவழுவென்று இருந்தது. பழைய பெயின்டின் பளபளப்பு அப்படியே பதிந்திருந்தது. குற்றம் பூச்சில் இல்லை, தேய்க்கச் சோம்பல்பட்ட என் கையில்.

இரண்டாம் முறை வேலையில் முக்கால் பங்கு தேய்ப்புதான். தளர்ந்ததைச் சுரண்டி, துருவைக் கம்பித் தூரிகையால் நீக்கி, வெறும் இரும்பு தெரிந்த இடங்களில் எபாக்சி பிரைமர் என்ற அடிப்பூச்சு அடித்தேன். மற்ற இடமெங்கும் 80ஆம் எண் உப்புத்தாள். பளபளப்பு முழுக்க மங்கும்வரை விடவில்லை. தகடு மடிப்புகளில் தேய்க்கும் மெஷின் நுழையாது. அங்கே விரல் நுனிதான் கருவி. பிறகு தூசியைத் துடைத்து, கரைப்பானில் நனைத்த துணியால் எண்ணெய்ப் பிசுக்கை எடுத்தேன்.

நான் வாங்கியது இரு பகுதிகளைக் கலக்கும் பாலியூரித்தேன் வகை பெட்லைனர். கலந்தவுடன் டப்பாவிலேயே இறுகத் தொடங்கும். அதனால் பாதியை முதலிலும் மீதியைப் பிறகும் கலந்தேன். ஈரம் இதற்கு ஜென்மப் பகை, குமிழி கிளப்பிவிடும். இதிலுள்ள ஐசோசயனேட் என்ற ரசாயனம் நுரையீரலுக்கு ஆகாது. திறந்தவெளி, ஆவியை வடிகட்டும் முகமூடி, கையுறை மூன்றும் கட்டாயம்.

சொரசொரப்பான ரோலரால் மெல்லிய இரண்டு கோட். ஓரத்து டேப்பைப் பூச்சு முழுதும் இறுகுமுன் உரித்தேன். வடிகால் துளைகளை மூடிவைக்க மட்டும் மறந்துவிட்டேன். மறுநாள் டிரில்லோடு உட்கார்ந்து, பூச்சு அடைத்திருந்த நான்கையும் திறந்தேன்.