பிரதிவாதி வராத வழக்கில் எக்ஸ்பார்ட்டி டிக்ரி வாங்குவது எப்படி

பிரதிவாதி (வழக்கு யார் மீதோ அவர்) இல்லாமலே கோர்ட் தரும் தீர்ப்பாணைதான் எக்ஸ்பார்ட்டி டிக்ரி. ஆனால் அவர் கோர்ட்டுக்கு வராததாலேயே வாதி ஜெயித்துவிட மாட்டார். சம்மன் முறைப்படி சார்வானதா (அவருக்குச் சேர்ப்பிக்கப்பட்டதா), கோரிக்கை நிரூபணமானதா என்று நீதிபதி பார்ப்பார். சம்மனில் ஓட்டை இருந்தால் கைக்கு வந்த டிக்ரியும் பிறகு ரத்தாகும்.

நாகர்கோவில், இரணியல், குழித்துறை என்று எந்த முன்சீப் கோர்ட்டாக இருந்தாலும் நடைமுறை ஒன்றுதான். ஒவ்வொரு பிரதிவாதிக்கும் பேட்டா (சம்மன் அனுப்பும் கட்டணம்) கட்டி, பிளைன்ட் (வழக்கு மனு) நகலுடன் சம்மன் அனுப்பச் செய்யுங்கள். வீட்டு எண், பின்கோடு வரை முகவரி சரியாக இருக்கட்டும். 'வாங்க மறுத்தார்' என்று திரும்பினால் சார்வாகவே எடுத்துக்கொள்ளலாம். 'ஆள் இல்லை' என்று திரும்பினால் அப்படி எடுக்க முடியாது. ஏழு நாளுக்குள் புது சம்மன் கேளுங்கள், இல்லாவிட்டால் வழக்கே தள்ளுபடியாகலாம்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் அதிகம் சறுக்குவது இங்கேதான். தூத்தூர், குளச்சல் பக்கம் ஆழ்கடல் தொழிலுக்குப் போனவர் கரை திரும்ப வாரக்கணக்கில் ஆகும். வளைகுடாவில் இருப்பவரின் முகவரி தெரிந்தும் உள்ளூர்க் கதவில் ஒட்டிவிட்டு, 'தலைமறைவாகிவிட்டார்' என்று மனுப்போடுவது பெரிய தப்பு. அவர் ஊருக்கு வந்ததும் அதையே காட்டி டிக்ரியை உடைப்பார். வெளிநாட்டு முகவரிக்கே சம்மன் அனுப்பக் கேளுங்கள். பத்திரிகை விளம்பரம், வேண்டுமென்றே ஒளிகிறவருக்கும் வழக்கமான முறையில் சம்மன் சேராதவருக்கும் மட்டுமே. பிரதிவாதியோடு வசிக்கும் குடும்பத்து வயதுவந்தவர் சம்மனை வாங்கலாம். வேலைக்காரர் வாங்கினால் செல்லாது.

சார்வாகியும் வாய்தாவுக்கு (வழக்குத் தேதிக்கு) வராதவரை எக்ஸ்பார்ட்டி ஆக்குவார்கள். அன்று வாதி தரப்பும் ஆஜராக வேண்டும். வக்காலத்து போட்டுவிட்டு எழுத்துமூல பதில் தராதவருக்கு 30 நாள் கெடு. காரணம் காட்டினால் 90 நாள் வரை நீட்டுவார்கள்.

அடுத்து எக்ஸ்பார்ட்டி எவிடன்ஸ், அதாவது பிரதிவாதி இல்லாமல் வாதி தரும் சாட்சியம். பிளைன்ட்டை அப்படியே நகலெடுத்த புரூஃப் அஃபிடவிட் (சாட்சியப் பிரமாணப் பத்திரம்) போதாது. கடன் வழக்கென்றால் கடன் கொடுத்த தேதி, தொகை, வட்டிக் கணக்கு, வந்த தொகை எல்லாம் இருக்கட்டும். அசல் ஆவணங்களைக் கொண்டுவாருங்கள். காரணம் சொல்லாமல் ஜெராக்ஸை நீட்டினால் குறியீடு செய்ய (சாட்சிய ஆவணமாக எண்ணிட்டு ஏற்க) மாட்டார்கள். ரெவின்யூ ஸ்டாம்ப் இல்லாத புரோநோட்டை (கடன் உறுதிச் சீட்டை)ப் பின்னால் அபராதம் கட்டிச் சரிசெய்ய முடியாது. மூன்று வருடக் கெடு தாண்டிய புரோநோட்டு வழக்கை, எதிர்க்க ஆளே இல்லாவிட்டாலும் கோர்ட் தானாகவே தள்ளுபடி செய்யும். பதில் உரை இல்லை என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு தீர்ப்பளிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 1999-ல் சொல்லியிருக்கிறது.

டிக்ரியை ரத்து செய்ய பிரதிவாதிக்கு 30 நாள் உண்டு. சம்மனே முறையாகச் சார்வாகாதவருக்கு, டிக்ரி பற்றித் தெரிந்த நாளிலிருந்து அந்தக் கணக்கு ஓடும். கெடு தாண்டினாலும் தாமத மன்னிப்பு மனுவோடு வருவார். அதனால் தபால் ரசீது, ஒப்புகை அட்டை, திரும்பி வந்த கவர் எதையும் தூக்கிப்போடாதீர்கள். பண டிக்ரியை நிறைவேற்ற 12 வருடம் இருந்தாலும், சர்டிஃபைட் காப்பிக்கு உடனே மனுப்போட்டு, ஜப்தி செய்யத்தக்க சொத்தின் சர்வே எண்ணையும் இப்போதே திரட்டுங்கள்.