ஏழை நாடுகளில் அறுவை சிகிச்சை: உதவப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உலகில் 500 கோடிப் பேருக்குப் பாதுகாப்பான, கட்டுப்படியாகும் செலவில் அறுவை சிகிச்சை எட்டாத தொலைவில் இருக்கிறது. 2015இல் லான்செட் என்ற மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் சொன்ன கணக்கு இது. ஆண்டுக்கு இன்னும் 14.3 கோடி அறுவை சிகிச்சைகள் கூடுதலாக நடந்தாக வேண்டும் என்றும் அது சொன்னது. இதைப் படித்ததும் இரக்கமுள்ள யாருக்கும் இரண்டு யோசனைகள்தான் முதலில் வரும். மெஷின் வாங்கி அனுப்பலாம், டாக்டர்களை அனுப்பலாம். இரண்டிலுமே தடுக்கி விழ நிறைய இடம் இருக்கிறது.

முதலில் மெஷின். வளரும் நாடுகளில் உள்ள மருத்துவக் கருவிகளைப் பற்றி 2011இல் வெளியான ஓர் ஆய்வு, பத்தில் ஏறக்குறைய நான்கு இயங்காமல் கிடப்பதாகச் சொன்னது. ஏன் என்பதை ஒரு மயக்க மருந்து மெஷினை வைத்தே பார்க்கலாம். பணக்கார நாட்டு ஆபரேஷன் தியேட்டருக்காகச் செய்த மெஷின் அது. சுவரில் பதித்த குழாய் வழியாக ஆக்சிஜன் அழுத்தத்தோடு வந்துகொண்டே இருக்கும் என்று நம்பிச் செய்திருக்கிறார்கள். மாவட்ட மருத்துவமனையில் அந்தக் குழாயே இருக்காது. சிலிண்டர் இருக்கும், அதுவும் லாரி வந்தால்தான். கரண்ட் அடிக்கடி போகும். திரும்பி வரும்போது வோல்டேஜ் எகிறி உள்ளே இருக்கும் போர்டு எரிந்துபோகும். மாற்று போர்டு அந்த நாட்டிலேயே கிடைக்காது. அப்புறம் மேலே ஒரு துணியைப் போர்த்தி வராந்தா ஓரத்தில் தள்ளி வைத்துவிடுவார்கள்.

மலாவியின் பிளான்டயர் நகரில் பல ஆண்டுகள் மயக்க மருத்துவராக இருந்த பால் ஃபென்டன் இதற்கு நேர்மாறாக யோசித்தார். அவர் வடிவமைத்த மெஷினில் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்தெடுக்கும் கான்சென்ட்ரேட்டர் உள்ளேயே இருக்கிறது. கரண்ட் போனால் அறையின் காற்றை இழுத்துக்கொண்டு மயக்க மருந்தைத் தொடர்ந்து கொடுக்கும். ஆகவே எதை அனுப்பினாலும் முதலில் கேட்க வேண்டியது, ‘கரண்ட் போனால் இது என்ன ஆகும்?’ அடுத்தது, ‘ரிப்பேர் செய்ய அந்த ஊரில் ஆள் யார், உதிரி பாகம் எங்கே கிடைக்கும்?’ பதில் இல்லையென்றால் தயவுசெய்து அனுப்பாதீர்கள்.

விலை மலிவானது என்றாலே தரம் குறைந்தது என்று ஒதுக்குவதும் தவறுதான். குடலிறக்க (ஹெர்னியா) அறுவையில் வயிற்றுச் சுவரைத் தாங்க வைக்கும் வலைக்குப் பதிலாகக் கொசுவலைத் துணியை முறையாகக் கிருமி நீக்கிப் பயன்படுத்தலாமா என்று உகாண்டாவில் சோதித்தார்கள். 2016இல் முடிவு வந்தது. விலை உயர்ந்த வலை வைத்தவர்களுக்கும் இது வைத்தவர்களுக்கும் ஓராண்டில் பெரிய வித்தியாசம் எதுவும் தெரியவில்லை.

அடுத்து டாக்டர்கள். வெளிநாட்டுக் குழு ஒரு வாரம் முகாம் போட்டு, வரிசையாக அறுவை செய்துவிட்டு விமானம் ஏறிவிடும். பத்தாம் நாள் தையல் பிரிந்து சீழ் வைத்தால் நோயாளி யாரிடம் போவார்? முகாமே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் பின்தொடர்ந்து பார்க்க உள்ளூரில் ஆள் இல்லாமல் போடும் முகாமை ஏற்கவே முடியாது. அதே பணத்தில் உள்ளூர்க்காரர்களைப் பயிற்றுவிக்கலாம். மொசாம்பிக் 1984இலேயே அதைத் தொடங்கியது. டாக்டர் பட்டம் இல்லாத சுகாதார ஊழியர்களுக்கு அறுவை சிகிச்சையில் தனிப்பயிற்சி கொடுத்து மாவட்டங்களுக்கு அனுப்பியது. அங்கே மாவட்ட மருத்துவமனைகளில் நடந்த சிசேரியன்களில் சுமார் 90 சதவீதத்தை இவர்கள்தான் செய்திருக்கிறார்கள். பயிற்சி முடித்து ஏழு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது இவர்களில் பெரும்பாலோர் அதே மாவட்டங்களில் இருந்தார்கள். டாக்டர்கள் ஏறக்குறைய எல்லோரும் கிளம்பியிருந்தார்கள். இவர்களை ‘அரை டாக்டர்’ என்று இளக்காரமாகப் பேசுவதை நாம் நிறுத்த வேண்டும்.

எனக்கு மிகவும் வலிக்கிற தவறு வேறொன்று. கடைசித் தையலோடு வேலை முடிந்தது என்று நினைப்பது. 25 ஆப்பிரிக்க நாடுகளில் நடத்திய பெரிய ஆய்வு ஒன்று 2018இல் வந்தது. அங்கே நோயாளிகள் வயதில் இளையவர்கள், ஆபத்தும் குறைவு. அப்படியிருந்தும் அறுவைக்குப் பிறகு இறப்பவர்களின் விகிதம் உலக சராசரியைப் போல இரண்டு மடங்கு. அந்த இறப்புகளில் பெரும்பாலானவை தியேட்டரில் நடக்கவில்லை. அடுத்தடுத்த நாட்களில் வார்டில் நடந்தவை.

அந்த வார்டை இரவு இரண்டு மணிக்கு நினைத்துப் பாருங்கள். நாற்பது கட்டில், ஒரே ஒரு நர்ஸ். சிசேரியன் முடிந்த பெண்ணுக்கு உள்ளே ரத்தம் கசிகிறது. நாடித்துடிப்பு 90, பிறகு 110, பிறகு 130. சிறுநீர் சேர மாட்டியிருக்கும் பிளாஸ்டிக் பையில் அளவு ஏறவே இல்லை. கை சில்லிட்டிருக்கிறது. கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருக்கும் அம்மா, மகள் அசந்து தூங்குகிறாள் என்று நினைக்கிறார். காலை ரவுண்ட்ஸில்தான் தெரிகிறது. இங்கே பற்றாக்குறை இன்னொரு சர்ஜன் அல்ல. இன்னும் இரண்டு நர்ஸ், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர், மணிக்கொரு முறை எழுதும் சார்ட், ஃப்ரிட்ஜில் இரண்டு பை ரத்தம்.

உலக சுகாதார நிறுவனம் 2008இல் கொண்டுவந்த, அறுவை சிகிச்சைக்கான பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலும் இப்படித்தான் வீணாகிறது. தான்சானியாவின் இஃபாகாரா உட்பட எட்டு நகரங்களில் சோதித்தபோது இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தது. சரி, அச்சடித்துக் கொடுத்துவிட்டால் போதும் என்று பல இடங்களில் நினைத்துவிட்டார்கள். எல்லாம் முடிந்தபின் ஒருவர் உட்கார்ந்து வரிசையாக டிக் போடுகிறார். கத்தி வைப்பதற்கு முன் எல்லோரும் நின்று, நோயாளியின் பெயரையும் அறுக்க வேண்டிய இடத்தையும் சத்தமாகச் சொல்லி, ‘ஆன்டிபயாடிக் போட்டாச்சா?’ என்று கேட்டால்தான் அதற்குப் பலன் உண்டு.

செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘இலவச அறுவை சிகிச்சை’ என்று போர்டு வைத்தாலும் பஸ் கட்டணம், துணைக்கு வருபவரின் கூலி இழப்பு, சாப்பாடு, வெளியே வாங்கி வரச் சொல்லும் தையல் நூல் எல்லாம் குடும்பத்தின் தலையில்தான். திட்டம் போடும்போது இவற்றையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

பெரிய பணம் இல்லாமலும் செய்யக்கூடியவை உண்டு. வயிற்று அறுவையில் வயிற்றுச் சுவரைத் தைத்து மூடுவதற்கு முன் கையுறையையும் கருவிகளையும் மாற்றினால் போதுமா என்று கானா, நைஜீரியா, ருவாண்டா, இந்தியா உட்பட ஏழு நாடுகளில், 13,000க்கு மேற்பட்ட நோயாளிகளிடம் பார்த்தார்கள். 2022இல் முடிவு வந்தது: காயத்தில் தொற்று 18.9 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாக இறங்கியிருந்தது. அதற்குத் தேவைப்பட்டது ஆளுக்கு ஒரு ஜோடி புதுக் கையுறையும், கிருமி நீக்கித் தனியாக எடுத்து வைத்த ஒரு தட்டுக் கருவிகளும்.