பொங்கலுக்கு முன் ஓர் அலுமாரி

மாரி மழையில் ஈரம் ஏறிய அலுமாரியைத் தைப்பொங்கலுக்கு முன்னர் வெயில் நாளொன்றில் முழுவதுமாக வெறுமையாக்கி, பொருள்களை முற்றத்துப் பாயில் பரப்பிய பின்னரே எதை வைத்திருப்பது என்று முடிவு செய்யுங்கள். உள்ளே இருக்கும்போது எல்லாமே தேவையானவையாகத்தான் தோன்றும். வெற்றுப் பால்மாப் பேணிகளையும் மூடியில்லாத போத்தல்களையும் யோசிக்காமல் கழித்துவிடலாம். கழிக்க மனம் இசையாதவற்றைப் பெட்டியிலிட்டுத் திகதி எழுதி ஒட்டுங்கள். சித்திரை வருடப்பிறப்பு வரை திறக்கப்படாவிட்டால் பிறருக்குக் கொடுத்துவிடலாம். 1995 ஒக்டோபரில் போரினால் யாழ்ப்பாணத்திலிருந்து நிகழ்ந்த பெரும் இடப்பெயர்வில் கையில் அகப்பட்டதை மட்டும் எடுத்துக்கொண்டு நடந்தவர்களுக்குப் பழைய பேணியைக்கூட எறிவது எளிதன்று என்பதால், அம்மம்மாவின் பொருள்களை அவரைக் கேளாமல் தொடாதீர்கள். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், பழைய படங்கள் ஆகியவற்றை நிழலில் உலர்த்தி, கறையான் எட்டாதபடி சுவரிலிருந்து விலக்கி, இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டியில் வையுங்கள்.