டெகிட் ஏரிக்கரை நீராவி ரயில்: எங்கே ஏறுவது, எந்தப் பக்கம் உட்காருவது

ஊரிலிருந்து யார் வந்தாலும் வடக்கு வேல்ஸில் இருக்கும் இந்தக் குட்டி ரயிலுக்குத்தான் கூட்டிக்கொண்டு போவேன். வேல்ஸின் மிகப் பெரிய இயற்கை ஏரியான டெகிட் ஏரியின் தென்கிழக்குக் கரையோரமாக ஓடுகிறது. நாலரை மைல் பாதை. போய்த் திரும்ப ஏறத்தாழ ஒரு மணி நேரம்.

முதல் விஷயம், பாலா ஊரில் போய் ஏறாதீர்கள். அந்தப் பக்கத்து நிலையமான பெனிபாண்ட் ஊருக்கு வெளியே இருக்கிறது, வசதியும் குறைவு. ஏரியின் மறுமுனையில் உள்ள லான்யூக்லினுக்கே போங்கள். கார் நிறுத்தும் இடம், டீ, கேக், எஞ்சின் ஷெட் எல்லாம் அங்கேதான். கார் இல்லாதவர்களுக்கு ரெக்சமிலிருந்து பார்மத் போகும் டி3 பஸ் இருக்கிறது. பெரும்பாலும் ஏப்ரல் முதல் அக்டோபர் வரைதான் ரயில் ஓட்டம், அதிலும் சில கிழமைகளில் விடுமுறை. கால அட்டவணையைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள்.

அரை மணி நேரம் முன்னதாகப் போனால் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிப்பதைப் பார்க்கலாம். எனக்கு ரயில் பயணத்தைவிட அதுதான் பிடிக்கும். இவை லீட்ஸ் நகரின் ஹன்ஸ்லெட் கம்பெனி சிலேட்டுக் கல் குவாரிகளுக்காகச் செய்த எஞ்சின்கள். அவற்றில் ‘ஹோலி வார்’ என்ற எஞ்சின் 1902-இல் பிறந்தது. டினார்விக் குவாரியில் 1967 வரை உழைத்தது. பிரிட்டனின் சிலேட்டுக் குவாரிகளில் கடைசிவரை வேலை பார்த்த நீராவி எஞ்சின் அதுதான். குழந்தைகள் எட்டிப் பார்த்துக் கேள்வி கேட்டால் டிரைவர்கள் சலிக்காமல் பதில் சொல்வார்கள். அங்கே வேலை பார்ப்பவர்களில் பலர் சம்பளம் வாங்காத தொண்டர்கள்.

ஏறும்போது இடது பக்க ஜன்னலைப் பிடியுங்கள். ஏரி முழுக்க அந்தப் பக்கம், அக்கரையில் அரெனிக் மலை. திரும்பும்போது வலது பக்கம். வழியில் வரும் பாலங்கள் இந்த இரண்டடி அகலத் தண்டவாளத்துக்குப் பொருந்தாத அளவு பெரிதாகத் தெரியும். 1965-இல் மூடப்பட்ட, பெரிய ரயில்கள் ஓடிய ரூவாபன்–பார்மத் பாதையின் தடம் இது. சின்ன ரயில் வந்தது 1972-இல்தான். நம் ஊட்டி ரயிலே இதற்குப் பக்கத்தில் பெரிய வண்டி. முழுத் திறப்புப் பெட்டியில் உட்கார்ந்தால் கரித்தூள் கண்ணில் விழும், வெள்ளைச் சட்டை வேண்டாம். ஜூலையானாலும் ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கு மூடிய பெட்டிதான் சரி.

பாதி வழியில் லாங்கோவரில் இறங்குங்கள். டிக்கெட் வாங்கும்போதே இதைச் சொல்லி, அடுத்த ரயில் நேரத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். நிலையத்தை ஒட்டியே கரை. புளியோதரையைப் பிரித்துச் சாப்பிட இதைவிட நல்ல இடம் அந்தப் பாதையில் இல்லை. சாப்பிட்ட இலை தழை, டப்பா எதையும் விட்டுவிட்டு வராதீர்கள். பிள்ளைகள் தண்ணீரில் கால் நனைக்கலாம், ஆனால் விறைக்கும் குளிர். பனியுகம் முடிந்தபோது இந்த ஏரிக்குள் சிக்கிக்கொண்ட குவினியாட் என்ற மீன் ஆழத்தில் இன்னும் இருக்கிறது. கரையிலிருந்து தெரியாது, தேடாதீர்கள்.

கடைசி ரயிலை மட்டும் விட்டுவிடாதீர்கள். அந்தக் கரையோரச் சாலையில் பஸ்ஸை நம்ப முடியாது, கார் நிற்கும் இடம்வரை நடைதான்.