காலியான பீன்ஸ்.எக்ஸ்எம்எல் கோப்பும் வெல்ட்-001408 பிழையும்

எங்கள் ஜாவா வலைச் செயலியை ஜகார்த்தா இஇ (ஜாவா சர்வர் செயலிகளுக்கான தரநிலைத் தொகுப்பு) 8-இலிருந்து 10-க்கு மாற்றிய பின், அது சர்வரில் ஏறும்போதே வெல்ட்-001408 என்ற பிழையுடன் நின்றுவிட்டது. வகுப்புகளுக்குத் தேவையான பொருள்களைத் தானாக இணைத்துத் தரும் சிடிஐ தரநிலையைச் செயல்படுத்தும் மென்பொருளே வெல்ட். ஒரு சர்வீஸ் வகுப்பை இன்ஜெக்ட் செய்ய, அதாவது தானாக இணைக்க, பொருத்தமான பீன் (சிடிஐ உருவாக்கி நிர்வகிக்கும் பொருள்) கிடைக்கவில்லை என்பதே அப்பிழையின் அர்த்தம்.

ஜகார்த்தா என்று மாற்றியிருக்க வேண்டிய, ஜாவாக்ஸ் என்று தொடங்கும் இம்போர்ட் வரிகள் எங்கேனும் மாறாமல் எஞ்சியிருக்கின்றனவா என்று தேடினேன், இல்லை. செயலியின் பொதியான வார் கோப்பைப் பிரித்துப் பார்த்ததில், அந்த சர்வீஸ் வகுப்பைக் கொண்ட ஜார் (வகுப்புகளின் பொதி) உரிய இடத்திலேயே இருந்தது. மேவன் என்ற பில்ட் கருவியின் கேஷை அழித்துப் புதிதாக பில்ட் செய்தும் பயனில்லை.

பிழைப் பட்டியலை வரிவரியாகப் படித்தபோதுதான் ஒன்று புலப்பட்டது: அதே ஜாரில் அப்ளிகேஷன்ஸ்கோப்டு அனோடேஷன் (வகுப்பின் மேல் இடும் @ குறிப்பு) உள்ள வகுப்புகள் எதுவும் அதில் இல்லை, அனோடேஷனே இல்லாதவையும், சிங்கிள்டன் மட்டும் இட்டவையுமே பீனாகக் கிடைக்காதவையாக அதில் வந்திருந்தன. 2022இல் வெளிவந்த சிடிஐ 4.0 முதல், ஜாரில் காலியான பீன்ஸ்.எக்ஸ்எம்எல் (சிடிஐக்கான அமைப்புக் கோப்பு) இருந்தால் எல்லா வகுப்புகளும் பீன்களாகக் கொள்ளப்படுவதில்லை. பீன் என்று காட்டும் அனோடேஷன் உள்ளவை மட்டுமே கொள்ளப்படும். ஸ்கோப் (பீனின் ஆயுளைக் குறிக்கும் அனோடேஷன்) போலத் தோன்றும் சிங்கிள்டன் அந்த வகையில் சேராது என்பது பலர் கண்ணில் படாத நுணுக்கம்.

வெப்-இன்ஃப் கோப்புறையிலுள்ள பீன்ஸ்.எக்ஸ்எம்எல்லைத் திருத்தியது பலிக்கவில்லை, ஏனெனில் ஒவ்வொரு ஜாருக்கும் அதனதன் கோப்பே செல்லும். ஜாரின் மெட்டா-இன்ஃப் கோப்புறையில் சுழிய பைட் அளவில் கிடந்த கோப்பில் பீன்-டிஸ்கவரி-மோடு மதிப்பை ‘ஆல்’ என்று எழுதியதும் செயலி எழுந்தது, பெரும் நிம்மதி. பின்னர் அனோடேஷன் இல்லாத வகுப்புகளுக்கு டிபென்டன்ட் இட்டு, சிங்கிள்டன்களை அப்ளிகேஷன்ஸ்கோப்டு ஆக்கினேன். அப்ளிகேஷன்ஸ்கோப்டு வகுப்புகளுக்கு ப்ராக்ஸி (பீனுக்குப் பதிலாக நின்று அழைப்புகளைக் கடத்தும் பொருள்) உருவாக, பிரைவேட் அல்லாத, அளவுரு இல்லாத கன்ஸ்ட்ரக்டர் தேவை.