லாக்கேஸ் வரவே இல்லை, தாமிரத்தில் இருந்தது கோளாறு

டிராமெட்டிஸ் வெர்சிகலர் என்ற மரம் அழுகவைக்கும் பூஞ்சையைக் குடுவையில் வளர்த்தேன். வெள்ளைப் பஞ்சு உருண்டைகளாக நன்றாகத்தான் வளர்ந்தது, ஆனால் மரத்தின் லிக்னினைச் சிதைக்க அது சுரக்கும் லாக்கேஸ் நொதி மட்டும் வரவில்லை. ஏபிடிஎஸ் (லாக்கேஸ் பட்டால் நீலப்பச்சையாகும் வேதிப்பொருள்) சோதனையில் லேசாகப் பச்சை தட்டவே அரை மணி நேரம் ஆனது. சர்க்கரை, நைட்ரஜன், பிஹெச் எல்லாம் மாற்றிப் பார்த்ததில் மூன்று வாரம் போய்விட்டது. அப்புறம்தான் உறைத்தது: லாக்கேஸ் மூலக்கூறு ஒன்றுக்கு நான்கு தாமிர அணுக்கள் வேண்டும், என் ஊடகத்தில் (பூஞ்சை வளரும் சத்துக் கரைசலில்) தாமிரம் பெயருக்குத்தான் இருந்தது.

சரி என்று 1 மில்லிமோலார் காப்பர் சல்பேட்டை முதல் நாளே போட்டேன், வளர்ச்சி அப்படியே நின்றுவிட்டது, இளம் இழைகளுக்கு அவ்வளவு தாமிரம் நஞ்சு. அடுத்த முறை காப்பர் கரைசலைத் தனியாக வடிகட்டிக் கிருமி நீக்கி (ஊடகத்தில் உள்ள பாஸ்பேட்டோடு சேர்த்து ஆட்டோகிளேவில், அதாவது நீராவி அழுத்தக் கலனில், வைத்தால் அடியில் படிந்துவிடும்), இழை நன்றாகப் பரவிய பிறகு, நான்காம் நாள் சேர்த்தேன். ஒன்பதாம் நாள் எடுத்த வடிநீர் ஏபிடிஎஸ்ஸில் விழுந்த சில நொடிகளில் அடர் நீலப்பச்சை! அந்த நிறத்தைப் பார்த்த சந்தோஷம் இன்னும் இருக்கிறது.

இன்னொன்று, இந்தப் பூஞ்சையின் வேறொரு நொதியான மாங்கனீஸ் பெராக்சிடேஸ் வேண்டுமென்றால் தாமிரம் போதாது, மாங்கனீஸ் அயனி கட்டாயம் வேண்டும்.